சிவப்பில் எழுதிய கோடை

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையைத் திறக்கிறார்கள். பீங்கான் தொழிலில் டிப்ளமா படித்தவள் என்பதால் என்னையும் உள்ளே விட்டிருக்கிறார்கள். இவ்வூர் எழுத்தாளர்கள் பருவங்களைப் பற்றித் தட்டுகளில் கவிதை எழுதிச் சுடக் கொடுத்திருக்கிறார்கள். மாலையில் நூலகத்தில் அவற்றைக் கையில் ஏந்தி வாசிக்கப் போகிறார்கள்.

நீலத்தில் எழுதிய மழை பளபளவென்று வருகிறது. கறுப்பில் எழுதிய பனி வருகிறது. அடுத்தது சிவப்பில் எழுதிய கோடை. தட்டு வெறும் வெள்ளையாக இருக்கிறது. அதை எழுதிய பாக்கியம், கருவேப்பிலங்குறிச்சியில் கடலை விதைக்கிறவர், வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"அந்தச் செவப்பு இந்தச் சூட்டுல நிக்காதுங்க" என்கிறேன்.

"நீலத்துல எழுதுக்கான்னு அப்பவே சொன்னேன்" என்கிறாள் கிண்ணங்களில் பூ வரையும் பெண்.

"வெயிலு நீலமாவா இருக்குது? போடி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "அப்ப சாயங்காலம் எதை வாசிப்பீங்க?"

"இதத்தான்."

முந்தானையால் தட்டைப் பிடித்து, எழுத்து இருந்த இடத்தில் விரலை ஓட்டுகிறார்:

"ஆறு வத்தினாத்தான்
அம்மா நடந்த வழி தெரியுது."

பூ வரையும் பெண் அடுத்த வரியைச் சொல்கிறாள். சூளைக்குள் தட்டுகளை அடுக்கி எடுக்கிறவரின் குரல் அதற்கும் அடுத்ததைச் சொல்கிறது.

நான் ஊர் திரும்ப வேண்டிய ஸ்ரீமுஷ்ணம் பஸ் போகட்டும். நூலகம் எந்தத் தெருவில் என்று கேட்கிறேன்.