மாவட்டம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்

எங்கள் தெருவிலிருந்து ஒருவர் நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அவர் எனக்கு உறவில்லை. எதிர்வீடு, அதனால் அத்தை. உடையார்பாளையம் பக்கம் பிறந்தவர். அவருடைய அம்மா அடுத்தவர் காட்டில் முந்திரிக்கொட்டை பொறுக்கியவர். கல்யாணமானதும் அத்தை கணவரோடு சூரத்துக்குப் போனார். அங்கே ஆஸ்பத்திரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் மற்ற தமிழ்க் குடும்பங்களுக்காக இந்தியில் பேசிப் பழகினார். திரும்பி வந்து ஊராட்சித் தலைவரானார். அந்த நாற்காலியில் கணவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எங்கள் பக்கத்தில் அதுவே பெரிய விஷயம்.

நான் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பேன். நாட்டை நடத்தப் போகிறவருக்கு என்னென்ன வேண்டும்? பசி தெரிந்திருக்க வேண்டும். தன் மொழி பேசாதவரோடும் பேச வேண்டும். புரியாததைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. கோபத்தைத் தள்ளிப்போடத் தெரிய வேண்டும். நான் எத்தனை சேர்த்தாலும் அத்தனையும் அத்தையிடம் இருந்தது.

கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழியில் தேங்கிய தண்ணீரை எங்கள் ஏரிக்குக் கொண்டுவரலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். மட்டம் பார்த்துக் கொடுத்தது மட்டும் நான். சுரங்க அதிகாரி வடக்கத்திக்காரர். அவரிடம் இந்தியிலேயே பேசி, சிரிக்கவைத்து, சம்மதம் வாங்கினார்.

திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, "இது அண்ணன் குடுத்த தண்ணி" என்றார். அண்ணன் என்றால் அத்தை இருந்த கட்சியின் மாவட்டச் செயலாளர். கட்சிக்காரர்கள் அவரை 'மாவட்டம்' என்றே சொல்வார்கள். மாவட்டம் அந்தக் குழியை எட்டிப் பார்த்ததே அன்றுதான். ஆனாலும் எங்கள் மேடைகளில் அதுதான் முறை. செய்தவர் தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. மேலே இருப்பவர் பெயரைச் சொன்னால்தான் அடுத்த வேலை நகரும்.

நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அத்தை விருப்ப மனு கொடுத்தார். சென்னையில் கட்சித் தலைமை நடத்திய நேர்காணலுக்குத் துணையாக நானும் போனேன். காரிலேயே ஒத்திகை.

"ஏரிக்குத் தண்ணி கொண்டாந்தது யாருன்னு கேட்டா?"

"அண்ணன் முயற்சியால..."

"அத்தை."

"சரி, ஊர் சனம் எல்லாரும் சேந்து..."

"நான்தான்னு சொல்லுங்க."

"வாய் கூசுது பாப்பா. எங்க வூட்டுக்காரரு பேரயே நான் சொன்னதில்ல. எம்பேரச் சொல்லச் சொல்ற."

"எலக்சன்ல நிக்கிறவங்க கூசலாமாக்கா?" என்றார் டிரைவர்.

"நீ ரோட்டப் பாரு."

திண்டிவனம் தாண்டும்போது தயங்காமல் சொல்ல வந்துவிட்டது.

உள்ளே அவரை மட்டும்தான் விட்டார்கள். சீக்கிரமே வெளியே வந்தார். நேரே எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"நீ கேட்டதத்தான். தண்ணி கொண்டாந்தது யாரும்மான்னு."

"சொன்னீங்களா?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "மாவட்டம் பக்கத்துலயே உட்காந்திருந்தாரு. அவரு மொகத்தப் பாத்தேன். அண்ணன்தான்னு வந்துருச்சு."

"அவரு ஒண்ணும் சொல்லலயா?"

"சிரிச்சாரு. நம்ம புள்ள, நல்லா ஒழைக்கும்னாரு."

மாவட்டத்தின் மருமகனுக்குச் சீட்டு கிடைத்தது. அரியலூரில் அறிமுகக் கூட்டம். அவரைப் பற்றிப் பேசும் பொறுப்பை அத்தையிடம் கொடுத்திருந்தார்கள். முதல்நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ளயப் பத்தி நாலு வார்த்த எழுதிக் குடு பாப்பா."

"அவரு என்ன செஞ்சிருக்காரு அத்தை?"

யோசித்தார். "பெங்களூர்ல படிச்சிருக்காராம்."

எழுதிக் கொடுத்தேன். அன்று மேடையில் ஏறியவர்களில் கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது அவர் ஒருவர்தான். சிமெண்டு, முந்திரி, தண்ணீர், டெல்லியில் என்ன கேட்க வேண்டும் என்று, நான் எழுதாததையெல்லாம் பேசினார். கடைசியில் மருமகனைக் காட்டிக் கும்பிட்டார்.

என் பக்கத்தில் இருந்த பெண் திரும்பி, "ஏன், இந்தம்மாவே நிக்கலாம்ல?" என்றார்.

வேட்புமனு தாக்கல் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.