சிவக்க மறுத்த குடைமிளகாய்

கரியாலூர் மேட்டில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். மூன்றாம் வகுப்பு தாண்டாத நான் இரும்புப் பைப்பை வளைத்துப் பசுமைக்குடில் நிறுத்தினேன். எங்கள் பக்கம் ஒருவரும் போடாத குடைமிளகாயைப் போட்டேன். எல்லாம் என் ஒருத்தன் உழைப்பு.

மார்கழிக் குளிரில் காய் பருத்தது, சிவக்கவில்லை. சிவந்தால்தான் சென்னை வியாபாரி எடுப்பான். குளிர் புகாமல் பக்கத் திரையை நாள் முழுக்க இறக்கியே வைக்கச் சொன்னேன். குடிலைப் பார்த்துக்கொண்டவன் என் மனைவியின் தம்பி. ஒருநாள் உச்சி வெயிலில் போனால், திரையைச் சுருட்டி வைத்திருந்தான்.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்குற?"

"உள்ள புழுங்குது மாமா. தண்ணி சொட்டுது, காய் அழுகிப்பூடும். மத்தியானம் தொறந்துட்டு, வெயில் சாயறதுக்குள்ள மூடிடலாம்."

"எனக்கே பாடமா? வக்கத்து வந்தவனுக்குச் சோறு போட்டா, தொரை காத்து வாங்குறாரு!"

களையெடுத்த பெண்கள் சிரித்தார்கள். ஒரு பச்சைக் காயைப் பறித்து அவன் வாயில் திணித்தேன். "இது செவக்குற வரைக்கும் மென்னுகினே பஸ் ஏறு" என்றேன். அக்காவிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான்.

திரையை நானே இறக்கிக் கட்டினேன். பத்து நாளில் காம்பெல்லாம் சாம்பல் பூசணம் பிடித்து, பாதிக்கு மேல் அழுகிக் கொட்டியது. என் மனைவி என்னோடு பேசுவதும் கம்மியானது.

இப்போது அவனுக்குச் சொந்தக் குடில் இருக்கிறது. தை மாதத்தில் காயெல்லாம் செக்கச் சிவக்கிறது. பார்க்க வருகிறவர்களிடம் தானாகக் கற்றதாகச் சொல்கிறானாம். நான் துரத்தாமல் இருந்தால் இன்றைக்கும் என் திரையைத்தான் சுருட்டிக்கொண்டிருப்பான். அதையும் சேர்த்துச் சொல்லட்டும். அவன் குடில் வாசலில் என் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும்.