மத்ததெல்லாம் சார்

"மத்ததெல்லாம் அப்படியே இருந்தா, ஆறு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் செருப்பை மாட்டுகிறார். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவி கேட்டது, "எப்ப வருவீங்க?" என்ற ஒரே ஒரு கேள்வி. ஆறு என்றோ ஏழு என்றோ சொன்னால் முடிந்தது. ஆனால் பஸ் ஓடி, மழை பெய்யாமலிருந்து, துறைத்தலைவர் திடீர்க் கூட்டம் எதுவும் போடாமலிருந்து, இப்படி உலகத்தையே ஓர் இடத்தில் கட்டிப்போட்ட பிறகுதான் அவர் வாயிலிருந்து மணி வரும்.

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொருளியல் அடிப்படைகளைக் கற்பிக்கும் விரிவுரையாளர் அவர். ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மற்றதையெல்லாம் அசையாமல் வை, அப்போதுதான் எது எதனால் நடந்தது என்று தெரியும். அந்தப் பாடத்தின் முதல் வாரத்தில் சொல்லித்தருவது இதைத்தான். மற்ற ஆசிரியர்கள் அதை முதல் வாரத்தோடு விட்டுவிடுவார்கள். இவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று பின்வரிசையிலிருந்து யாராவது கேட்டால்கூட, "மத்ததெல்லாம் அப்படியே இருந்தா வரும்" என்பார். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மத்ததெல்லாம் சார்'. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் திருந்தவில்லை என்பதுதான் மனைவியின் வருத்தம்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். "இப்ப தெளிவா இருக்கா? முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்க, வருகிறவர்களிடமெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்பது அவள் தொழில். பொறுமையெல்லாம் கடையிலேயே செலவாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் துணி துவைக்கும் இயந்திரத்தில் அவர் சட்டைப்பையோடு போட்ட சாக்பீஸ் துண்டு கரைந்து, அவளுடைய கருநீலப் புடவை சாம்பல் பூத்துக் கிடக்கும். குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியின் மேல் அவர் விரலால் இழுத்த இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று இறங்கும், ஒன்று ஏறும். தலைவார நிற்பவள் அந்த வெட்டுப்புள்ளியில்தான் தன் மூக்கைத் தேட வேண்டும்.

செருப்புக் கடைக்குக் கூட்டிப்போனால், வாங்க வந்ததை மறந்துவிட்டுக் கடைக்காரரை விசாரிப்பார். "விலையக் கொஞ்சம் குறைச்சா இன்னும் எத்தனை ஜோடி விக்கும்னு நினைக்கிறீங்க?"

"நீங்க இப்ப வாங்கினீங்கன்னா ஒரு ஜோடி விக்கும் சார்" என்றார் கடைக்காரர். மனைவி தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவள் தம்பியின் கல்யாணத்தில் இன்னும் மோசம். மணமக்களின் கையைக் குலுக்கி, "மத்ததெல்லாம் அப்படியே இருந்தா நல்லா இருப்பீங்க" என்று வாழ்த்தினார். தம்பி மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். "அண்ணி, உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு வாழ்த்தினாரா, எச்சரிக்கை விட்டாரா?"

இத்தனையையும் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது மகள் விஷயம்தான்.

மகள் பொருளியல் படிக்கப் போகிறேன் என்றபோது எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். தாய்க்கு மட்டும் ஆச்சரியமில்லை. சின்னவளாக இருந்தபோது அந்தக் குளியலறைக் கண்ணாடியின் முன் முக்காலி போட்டு ஏறி நின்று, "அப்பா இதுல என்ன பாக்குறாரு?" என்று கேட்ட குழந்தை அவள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் அந்தப் படிப்பை எடுத்தாள். அதே கல்லூரி, அதே முதலாண்டு, அப்பாவின் வகுப்பே. பெற்ற வயிறு குளிர்ந்துபோயிருந்த அந்த நேரத்தில், வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசையில் அவர் ஒரு சட்டம் போட்டார்.

"வீட்ல பாடம் கிடையாது. அந்த வகுப்புல நூத்துக்கணக்கில பிள்ளைங்க இருக்காங்க. அவங்க யார் வீட்டுலயும் நான் சாப்பிட உக்கார்றதில்ல. உனக்கு மட்டும் தட்டுக்குப் பக்கத்துல வாத்தியார் இருந்தா அது நியாயமா? சந்தேகம்னா என் ரூமுக்கு வா. வரிசையில நில்லு. சொல்லித்தர்றேன்."

"ஏங்க, கைநீட்டுற தூரத்துல உக்காந்திருக்கிற மனுஷன பாக்க, அவ பஸ் ஏறி வந்து வரிசையில நிக்கணுமா?"

"ஆமா."

அவர் வாழ்க்கையில் நிபந்தனை இல்லாமல் சொன்ன ஒரே வார்த்தை அது.

சொன்னதைச் செய்தார். வகுப்பில் மகள் கை தூக்கினால், "அந்த ஜன்னலோரப் பொண்ணு சொல்லுங்க" என்பாராம். இடைத்தேர்வில் மகளின் விடைத்தாளைத் தான் தொடக்கூடாது என்று எதிர் அறை விரிவுரையாளரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார். எதிர் அறைக்காரர் தயங்கித் தயங்கித் திருத்தினார். மகள் தோற்றுப்போயிருந்தாள். ஒரு பொருளின் விலை ஏறினால் என்ன ஆகும் என்று படம் வரையச் சொன்ன கேள்வி. எல்லா வருடமும் பாதி வகுப்பு சறுக்கி விழும் இடம். அவளும் விழுந்தாள்.

அன்று மாலை மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாய் போய்த் தலையைத் தொட்டபோது சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "போன வாரம் வரிசையில நின்னேன்மா. பின்னாடி இருந்தவன், 'என்ன, வீட்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலயா'ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. திரும்பி வந்துட்டேன். எனக்கு இந்தப் பாடமே வேணாம். நான் வரலாறுக்கு மாறிக்கிறேன். நாளை மறுநாள் வரைக்கும் மாறலாம்."

அம்மா கூடத்துக்கு வந்து அதை அப்படியே அவரிடம் சொன்னாள். அவர் தேநீரில் கரண்டியைப் போட்டுக் கலக்கினார். அதில் அவள் இன்னும் சர்க்கரையே போடவில்லை. கரண்டி சுற்றிக்கொண்டே இருந்தது.

"முடிவு அவதான் எடுக்கணும்" என்றார். "மத்ததெல்லாம்..."

"அந்த வார்த்தைய மட்டும் இன்னைக்குச் சொன்னீங்க, தெரியும் சேதி."

கரண்டி நின்றது. அவர் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தையும் விடவில்லை. இந்த மனிதரை உலுக்கி எடுக்க வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. உலுக்கினாலும் விழப்போவது சாக்பீஸ் தூள்தான் என்பதும் தெரிந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு அவளே கல்லூரிக்குப் போனாள். நீண்ட நடைவழி. சுவரோரமாக மாணவர்கள் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கைப்பேசியைத் தடவிக்கொண்டு நின்றார்கள். வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

முன்னால் நின்ற மாணவன் மரியாதையாக ஒதுங்கினான். "ஆன்ட்டி, நீங்க முன்னாடி போங்க."

"வேணாம்ப்பா. முன்னாடி போனா உள்ள இருக்கிறவரு என்னை வெளிய அனுப்பிடுவாரு."

"ஐயோ, சாரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

அவள் முறை வந்தது. உள்ளே போனாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனா மூடி கையிலிருந்து நழுவி உருண்டது. அதைக் குனிந்து எடுத்து மூடிவிட்டு, "உக்காருங்க" என்றார்.

'ங்க'. இத்தனை வருடக் குடித்தனத்தில் முதல் 'ங்க'. அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தது.

"என் பொண்ணு உங்க வகுப்புல படிக்கிறா. ஃபெயிலாயிட்டா. என்ன தப்புப் பண்ணான்னு எனக்குப் புரியணும்."

அவர் யோசித்தார். "எந்தப் பெத்தவங்க வந்து கேட்டாலும் சொல்லத்தான் போறேன்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்தார். "நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

"அது உங்களுக்குத் தெரியாதா?"

"எல்லாரையும் கேக்கிறதுதான். தெரிஞ்ச இடத்துலேர்ந்து ஆரம்பிச்சாத்தான் புரியும்."

"மூக்குக்கண்ணாடிக் கடையில" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் செங்குத்தாக ஒரு கோடும் படுக்கையாக ஒரு கோடும் போட்டார். செங்குத்துக் கோட்டில் விலை, படுக்கைக் கோட்டில் எத்தனை கண்ணாடி விற்கும் என்ற கணக்கு. இரண்டுக்கும் நடுவே மேலிருந்து கீழே சரியும் ஒரு கோடு. "கண்ணாடி விலையக் குறைச்சா நிறைய பேர் வாங்குவாங்க. அதுக்கு இந்தக் கோடு நகராது. நாமதான் இது மேலயே கீழ இறங்கி நடக்கிறோம். சரி, விலை மாறவே இல்ல. ஊர்ல எல்லாருக்கும் திடீர்னு கண்ணு மங்கிப்போச்சு. அப்ப என்ன ஆகும்?"

"கடையில கூட்டம் தாங்காது."

"அதே விலையில கூட்டம் தாங்காது. அப்ப கோடே வலது பக்கம் இடம் பெயருது. உங்க பொண்ணு நடக்க வேண்டிய இடத்துல கோட்டைத் தூக்கி நகர்த்திட்டா."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். அவர் புதிய தாள் எடுத்தார். அப்போதும் புரியவில்லை. இன்னொரு தாள். ஒருமுறைகூடக் குரல் உயரவில்லை. அவள் சொன்ன தப்பான பதிலையெல்லாம் அரிய பொருளைக் கையில் வாங்குவது போல் தலைசாய்த்துக் கேட்டார். "நல்ல இடத்துல தப்புப் பண்றீங்க" என்று பாராட்டினார். அவள் ஒருவழியாகத் தலையாட்டியபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கல்யாண ஆல்பத்தில்கூட அந்த முகம் இல்லை. இந்த மனிதரை இத்தனை நாளும் தன் வீட்டுக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்துக்கொண்டது யார் என்று அந்தக் கல்லூரியிடம் சண்டை போட வேண்டும் போல் இருந்தது.

"அடுத்தவங்கள வரச் சொல்லுங்க" என்றார் அவர். வந்த வெளிச்சம் போய்விட்டது. அவள் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். மறுமுனையில் அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு அதற்குப் பின்னால் இருந்தார்.

"ஒரே ஒரு தடவை கேக்கிறேன்மா" என்றாள் மகள். "புரியலன்னா நாளைக்குக் காலையில போய் மாறிடுவேன். அப்புறம் என்னை எதுவும் சொல்லக்கூடாது."

தாய் கோடுகளைப் போட்டாள். கண்ணாடி விலை குறைந்த கதையைச் சொன்னாள். ஊருக்கே கண் மங்கிய கதையையும் சொன்னாள். மகளின் புருவச் சுருக்கம் கொஞ்சம் விலகியது. பென்சிலைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"சரி, கான்டாக்ட் லென்ஸ் விலை குறைஞ்சா?"

தன் தொழில் விஷயம் என்பதால் தாய்க்குத் தைரியம் வந்தது. "எல்லாரும் லென்ஸ் பக்கம் போயிடுவாங்க. எங்க கடையில கண்ணாடி குறைவா விக்கும்."

"அதை இதுல எங்க காட்டுவ?"

"விலைதானே மாறியிருக்கு. அப்ப கோட்டு மேலயே நடக்கணும்" என்று விரலை வைத்து, குறைவாக விற்கும் பக்கம் மேலே ஏற்றினாள்.

செய்தித்தாள் சரசரத்தது.

மகள் விரல் நின்ற இடத்தையே பார்த்தாள். "மேல ஏத்தினா கண்ணாடி விலை ஏறிட்டதா ஆகிடுமேம்மா. கண்ணாடி விலைதான் மாறவே இல்லையே."

"அதானே" என்றாள் தாய். விரலைக் கீழே இறக்கினாள். அங்கும் சரிவரவில்லை. மறுபடி ஏற்றினாள். அவர் இருமினார். செய்தித்தாளை அவள் பார்த்த பார்வையில் காகிதம் பற்றி எரிந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை. பெற்ற மகளுக்காக ஒரே ஒரு வார்த்தை. அது அந்தப் பக்கத்திலிருந்து வரவேயில்லை. வெகுநேரமாகப் பக்கமும் புரளவில்லை.

"விடும்மா" என்று மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். "உன்னால முடிஞ்சதைப் பண்ணிட்ட. நான் மாறிக்கிறேன்." நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

செய்தித்தாளின் அடியிலிருந்து ஒரு கை வந்தது. மேசையில் கிடந்த ரப்பரை எடுத்துத் தாளின் மேல் வைத்தது. தாயின் விரல் நின்ற புள்ளியின் மேல் அல்ல, கோட்டின் மேல். அப்படியே மெதுவாக, கோட்டின் குறுக்கே இடது பக்கம் ஒரு விரற்கடை தூரம் நகர்த்தி அங்கேயே விட்டுவிட்டு, மறுபடி செய்தித்தாளுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டது.

மகள் ரப்பரைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். பின்னால் தள்ளிய நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்து, ரப்பர் காட்டிய இடத்துக்குத் தள்ளிப் போடுவதற்காகக் கோட்டை மேல் நுனியிலிருந்து அழிக்கத் தொடங்கினாள்.