மதினி போக விரும்பிய கோட்டை

ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மதினி, தலையை நிமிர்த்தாமலே, திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றார். ஏதோ மளிகைக் கடைக்குப் போய்விட்டு வரலாம் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். கீரையை உருவும் விரல்கள் மட்டும் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி ஓடின. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மதினி என் அண்ணனின் மனைவி. தேவாரத்தில் பிறந்து ஓடைப்பட்டிக்கு வாழ வந்தவர். வந்த நாளிலிருந்து அண்ணனின் திராட்சைத் தோட்டம்தான் அவருக்கு உலகம். வீரபாண்டித் திருவிழா, குச்சனூர் கோயில், தேனியில் ஒரு ஆஸ்பத்திரி, இவற்றைத் தாண்டி அவர் எங்கும் போய் நான் கண்டதில்லை. நாங்கள் எல்லோரும் வேன் பிடித்து மேகமலைக்குப் போனபோதுகூட, மருந்தடிக்க ஆள் வருகிறது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டார்.

நான் சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் ஆசிரியை. பிள்ளைகளை அந்தக் கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன். அந்தக் கதையைக் கேட்டுத்தான் மதினிக்கும் ஆசை வந்திருக்கிறது என்று முதலில் நினைத்தேன். மகிழ்ச்சியோடு, பாறையையே வெட்டிச் செதுக்கிய படிகளைப் பற்றி, நாயக்கர் காலத்து மதிலைப் பற்றி, உச்சியில் சிலையில்லாமல் நிற்கும் கோயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் அது எதையும் கேட்கவில்லை. அவர் கேட்டவை வேறு. மேலே போக எத்தனை வழி? நம்ம பக்கத்து ஆட்கள் அங்கே வருவார்களா? உச்சியில் உட்கார நிழல் உண்டா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியாகக் கேட்டார்: "கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு ஏற முடியுமா ஆத்தா?"

அரிவாள்மனையை விட்டு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லைதான். ஆனாலும் சாத்தத் தோன்றியது.

அண்ணனுக்கும் மதினிக்கும் ஒரே மகன். அவன் திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் வேலைக்குப் போனான். அங்கேயே வேலை பார்த்த ஒரு பெண்ணை விரும்பி, பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அந்தப் பெண் எங்கள் ஆட்கள் இல்லை. அதுவே எங்கள் தெருவில் பெரிய குற்றம். அதோடு இன்னொன்றும் இருந்தது. என் மகள் பிறந்தபோதே, இவள் என் மகனுக்குத்தான் என்று அண்ணன் ஊரறியச் சொல்லியிருந்தார். எனக்கு வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது கொஞ்ச நாள்தான். என் மகள் தன் விருப்பப்படி படித்து, தனக்குப் பிடித்த இடத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள். அண்ணன் மகனை, அதாவது என் மருமகனை, கூடப்பிறந்தவன் மாதிரிதான் நினைத்திருந்தாள் என்பதை அப்புறம் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். இதையெல்லாம் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். எனக்கு மனத்தாங்கல் இல்லை, பையனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் பந்தலில் கொடியைக் கட்டிக்கொண்டே, "ஒனக்கு இல்லத்தா. வாக்கு குடுத்தது நானுல்ல" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அண்ணனின் கோபம் வாயடைத்த கோபம். எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய கோபம் அப்படியில்லை. கல்யாணச் செய்தி வந்த அன்று, பையன் கண்ணில் பட்டால் கால் இருக்காது என்று நடுத்தெருவில் நின்று சொன்னவன் அவன். கூட நின்றவர்கள் யாரும் அவனைத் தடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிச் சொன்ன வார்த்தைகள் வெறும் வார்த்தைகளாகவே போய்விடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பயந்துதானோ என்னவோ, அண்ணன் மதினியைக் குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய், மகன் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சூடத்தின் மேல் சத்தியம் வாங்கினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மகனின் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவன் எனக்குத்தான் போன் செய்வான். குழந்தை பிறந்ததும் படம் அனுப்பினான். மதினி வரும்போதெல்லாம் என் போனை வாங்கி, அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

இப்போது அந்தச் சத்தியத்துக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "கோட்டை வாசப்படி அவன் வீட்டு வாசப்படி இல்லல்ல?" என்று கேட்டார். கேலியில்லை, தந்திரமும் இல்லை. சாமிக்குப் பதில் சொல்ல வேண்டியவராக, உண்மையிலேயே என்னிடம் தீர்ப்புக் கேட்டார். இல்லை மதினி, அது யார் வீட்டு வாசலும் இல்லை என்றேன். பஸ் ஸ்டாண்டிலும் பூ மார்க்கெட்டிலும் ஆஸ்பத்திரிகளிலும் நம்ம ஊர் முகம் ஒன்றாவது எதிர்ப்படும். வெயிலில் அந்த மொட்டைப் பாறையில் ஏற யாருக்கும் வேலையில்லை. அதையும் அவரே யோசித்து வைத்திருந்தார். நான் கூட வந்தால் அண்ணன் விட்டுவிடுவார் என்பதையும்தான். "ஒங்கண்ணன் ஒன்னயச் சந்தேகப்பட மாட்டாக" என்றார். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கூசவும் செய்தது.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் அந்தப் பயணத்தைத் திட்டமிட்டோம். வேலை நாளில் போவது, காலையிலேயே கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புவது, பஸ்ஸில் போவது, சாப்பாடு கட்டிப்போவது. மருமகன் முன்னாலேயே மேலே போய்க் காத்திருப்பான். மதினி குழந்தைக்கு ஒரு பாவாடை தைத்து என் பீரோவில் ஒளித்து வைத்தார். பயணம் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் குரல் தானாகவே இறங்கிவிடும். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் வாசலில் நிற்பது தெரியாமல் பேசிவிட்டு, அன்று முழுவதும் அவன் ஓடைப்பட்டிக்காரனா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிவாகி, போகும் நாள் நெருங்கியபோது அண்ணன் போன் செய்தார். நானும் வருகிறேன் என்றார். முழங்கால் வலியோடு படியேற முடியாதே அண்ணே என்று சமாளித்தேன். கீழேயே உட்கார்ந்திருப்பேன் என்றார். பஸ் எதற்கு, சித்தப்பா மகனின் காரை எடுத்துக்கொள்ளலாம், அவனே ஓட்டட்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் மதினி பஸ் ஏறி ஓடி வந்தார். போக வேண்டாம், பையனை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். இப்போது போகவில்லை என்றால் சந்தேகம் உறுதியாகிவிடும், போனால் என்ன நடக்கும் என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதரைப் பற்றி, இவர் மகனைப் பார்த்தால் கட்டிக்கொள்வாரா, காட்டிக்கொடுப்பாரா என்று சொல்ல முடியாமல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். கடைசியில், "ஒங்க சித்தப்பா மகன் கார்ல வந்தான்னா வத்தலக்குண்டுலயே மயக்கம் வந்த மாதிரி விழுந்துருவேன். நீ ஆஸ்பத்திரின்னு திருப்பிக் கொண்டாந்துரு" என்றார்.

அந்த நாள் காலையில் சின்னமனூரில் என் வீட்டு முன்னால் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. ஓட்டியவர் எனக்கு முன்பின் தெரியாத ஆள். அண்ணன் முன் இருக்கையில் வெள்ளை வேட்டியும் பச்சைத் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். சித்தப்பா மகன் வரவில்லையா என்று கேட்டேன். "அவனுக்கு அங்கன என்ன சோலி" என்றார். தேனி, பெரியகுளம், தேவதானப்பட்டி என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. மதினி என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. வத்தலக்குண்டு வந்தது. அவருக்கு மயக்கம் வரவில்லை.

கோட்டை அடிவாரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அண்ணன் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் ஏறினோம். தாழ்வான, அகலமான படிகள். காலம் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகியிருந்தன. தோட்ட வேலையில் உரமேறிய கால்கள் மதினிக்கு. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மேலே காற்று சேலையைப் பிடுங்கியது. மதில் ஓரத்து நிழலில் மருமகன் நின்றான், பக்கத்தில் அவன் மனைவி, இடுப்பில் குழந்தை. மதினி ஓடவில்லை. மெதுவாக நடந்துபோய், மகனைத் தாண்டி, முதலில் அந்தப் பெண்ணின் முகத்தைத் தொட்டார். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகு குலுங்கியது. பாவாடையை அங்கேயே போட்டுப் பார்த்தார். கொஞ்சம் பெரிதாக இருந்தது. இடுப்பில் ஒரு மடிப்பு மடித்துச் செருகிவிட்டார். கட்டிக்கொண்டு போன புளியோதரையை மருமகள் எல்லோருக்கும் எடுத்து வைத்தாள். ஊரில் மழை பெய்ததா, கொடி எப்படி இருக்கிறது என்றெல்லாம் மகன் கேட்டான். அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை.

நான்தான் மதில் இடைவெளி வழியாகக் கீழே பார்த்தேன். படிகளில் ஒரு பச்சைத் துண்டு மேலே வந்துகொண்டிருந்தது. நின்று, குனிந்து முழங்காலைப் பிடித்து, மறுபடி ஏறி. என் முகத்தைப் பார்த்து மருமகனும் எழுந்து வந்து பார்த்தான். அந்தக் கோட்டைக்கு ஏறவும் இறங்கவும் அந்த ஒரே வழிதான். பழைய சிறை அறைகள் பக்கத்தில் இருந்தன. மதினி அந்தப் பக்கம் கை காட்டி, அங்கே போய் இருங்கள் என்றார். "நான் எதுக்கும்மா ஒளியணும்?" என்றான் அவன். குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் கண் படிகளை விட்டு அகலவில்லை.

அப்போது மருமகள் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். தேய்ந்த படியில் வழுக்கும் என்று செருப்பைக் கழற்றி வைத்தாள். "அவுங்களுக்கு என் முகம் தெரியாதுல்ல. நான் முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினாள். நான் பின்னாலேயே போனேன். பாதி வழியில் அண்ணன் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். வாய் திறந்து மூச்சு வாங்கினார். அவள் அவருக்கு ஒரு படி மேலே நின்று பாட்டிலை நீட்டினாள்.

"ஐயா, தண்ணி குடிங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளை, குழந்தையை, மறுபடி அவளை. பிறகு பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்தார். குழந்தை கையை நீட்டி அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்தது. அவர் அதை விடுவிக்கவும் இல்லை, குழந்தையைத் தொடவும் இல்லை. "நடக்குதா?" என்று கேட்டார். "நடக்குறா ஐயா. படியிலதான் தூக்கிக்கிட்டேன்" என்றாள் அவள்.

மருமகன் மேலேயிருந்து இறங்கி வந்தான். மதினி அவனுக்குப் பின்னால் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அண்ணன் எழுந்து, வழிவிட்டு, பாறை ஓரமாக ஒதுங்கினார். அவர் கண்கள் தூரத்தில் சிறுமலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மகன் ஒரு கணம் நின்றான். பிறகு குழந்தையின் விரல்களைத் துண்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அப்பாவின் தோளில் உரசும் தூரத்தில் கடந்து இறங்கிப் போனான். அந்தப் பெண் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

திரும்பும்போது வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தினோம். மதினி காரிலேயே இருந்தார். கடை ஓரத்தில் வைத்து அண்ணனிடம் கேட்டேன், உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஒங்க மதினி வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து ஒரு கோட்டையப் பாக்கணும்னு கேட்டதில்லயேத்தா." சித்தப்பா மகனும் மோப்பம் பிடித்துவிட்டான், அதனால்தான் அவன் காரில் போவதாகவே அவனிடம் கடைசிவரை சொல்லி, அவன் காரோடு வீட்டில் காத்திருக்கும்போதே முந்திக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அப்படியென்றால் ஏன் அண்ணே மகனைக் கூப்பிடவில்லை என்றேன். அவர் டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்தார். காருக்கு நடக்கும்போது, எனக்குச் சொன்னாரா தனக்கே சொன்னாரா தெரியவில்லை, "அந்தப் புள்ள செருப்பில்லாம நின்னுச்சு. பாற சுடாதா?" என்றார்.

அன்று சாயங்காலம் மருமகன் போனில் சொன்னான், ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பேன் அத்தை என்று. அண்ணனோ, அவன் வாயிலிருந்து அப்பா என்று ஒரு சொல் வரவில்லையே என்று மதினியிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. சத்தியத்தை அண்ணன் இன்னும் திருப்பி எடுக்கவில்லை. மதினியும் அந்த வீட்டு வாசற்படியை இன்னும் மிதிக்கவில்லை.

ஆனால் இப்போது மதினி தனியாகவே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறுகிறார். யாரும் அவரைத் தடுப்பதில்லை. கோட்டை அடிவாரத்தில் மகனும் மருமகளும் குழந்தையோடு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். குழந்தை இப்போது படிகளில் தானே ஏறுகிறது. அறுப்புக் காலமென்றால், மதினி கிளம்பும் அன்று விடியும் முன்பே அண்ணன் தோட்டத்துக்குப் போய், நல்ல பன்னீர் திராட்சையாகப் பார்த்து அறுத்து, ஒரு கட்டைப் பையில் அடுக்கி, பைக்கில் அவரையும் பையையும் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடுகிறார். யாருக்கு என்று சொல்வதில்லை. போன வாரம் மதினி என் வீட்டுக்கு வந்தபோது மெதுவாகச் சொன்னார்: "அவன் ஒரு பழம் தொட மாட்டேங்குறான் ஆத்தா. அவளும் புள்ளயுந்தான் திங்குறாக." இதை அண்ணனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

அண்ணன் கேட்பது ஒன்றே ஒன்றுதானாம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று, மதினி கையிலிருக்கும் வெறும் பையை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "தீந்துருச்சா?" என்று கேட்பாராம்.

"தீந்துருச்சு" என்று சொல்லிவிட்டு, மதினி பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாராம்.