எனக்கும் பெரிய மேப் வேண்டும்

எனக்குப் பொறாமை அதிகம். யாரும் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் தம்பி தட்டில் இருக்கும் முட்டை என் முட்டையைவிடப் பெரியதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் சாப்பிடுவேன். கல்யாணமாகி, மேலகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகி, முப்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. இந்த முறை அளந்து பார்த்தது ஒரு மேப்பை.

மேப் என்றால் விண்வெளி மேப். நானும் என் வீட்டுக்காரரும் கம்ப்யூட்டரில் விளையாடுகிற ஆட்டம் அது. ஆளுக்கு ஒரு நட்சத்திரத்தில் தொடங்க வேண்டும். கப்பல் விட்டுப் பக்கத்து நட்சத்திரங்களைத் தேடிப்போய், குடியேறி, ராஜ்ஜியத்தைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். இரண்டு பேரும் நகர்த்தி முடித்தால் ஒரு டர்ன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எவ்வளவு பெரிய மேப் வேண்டும் என்று கேட்கும். ஸ்மால் என்றால் நாற்பது நட்சத்திரம். ஹ்யூஜ் என்றால் அறுநூறு. நடுவில் இரண்டு அளவு உண்டு, அவற்றை நாங்கள் தொட்டதில்லை. எப்போதும் ஸ்மால்தான். தேர்ந்தெடுப்பதும் எப்போதும் அவர்தான்.

அவர் சவுதியில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிறார். என் மாமி மகன். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு, அதையும் குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதமாகப் பார்த்துக் கேட்டு வாங்குவார். போன லீவில் ஒருநாள் அருவியில் வெள்ளம், குளிக்க விடாமல் போலீஸ்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காய்ந்த துண்டோடு வீடு திரும்பியவர், போட்ட திட்டம் கெட்ட எரிச்சலில் லேப்டாப்பைத் திறந்து, "வாட்டி, ஒன்ன ரெண்டு நிமிசத்துல காலி பண்ணுதேன்" என்றார். தொடர்ந்து மூன்று நாள் தோற்றார். அதற்குப் பிறகு அந்த ஆட்டம் எங்களை விடவில்லை. அவர் ஊருக்குப் போன பிறகும் இன்டர்நெட்டில் தொடர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஐந்து மணிக்கு உட்கார்ந்தால், பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிற வரைக்கும் எங்கள் நேரம். தினமும் போன் பண்ணத்தான் செய்கிறார். ஆனால் அந்தப் போன் வீட்டின் பொதுச்சொத்து. ஹாலில் ஸ்பீக்கரில் போட்டு, முதலில் மாமி, அப்புறம் மாமா, அப்புறம் மதினியின் பிள்ளைகள். என் கைக்கு வரும்போது "சாப்டியா?" என்பார். "சாப்டேன்" என்பேன். ஆறு பேர் காது கொடுத்துக் கேட்கும்போது அதற்கு மேல் என்ன பேச முடியும்?

அதனால் ஆட்டத்துக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். எவருடைய கப்பல் மற்றவரின் வீட்டு நட்சத்திரத்தை முதலில் கண்டுபிடிக்கிறதோ, அவருக்கு வெற்றி. அகப்பட்டவர், அந்த வாரம் மறைத்து வைத்திருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பொய் சொல்லக் கூடாது. கேட்பவர் அதற்காகக் கோபப்படக் கூடாது. நாற்பது நட்சத்திரத்தில் எங்கே ஒளிய முடியும்? பத்துப் பதினைந்து டர்னுக்குள் யாராவது அகப்பட்டுவிடுவோம். ஆட்டத்திலேயே டைப் பண்ணிச் சொல்லிவிடுவோம். காய்ச்சலோடு இரண்டு நாள் வேலைக்குப் போனதை அவர் சொன்னது அப்படித்தான். அவருடைய நீலச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் கருக்கிவிட்டு மாமிமேல் பழி போட்டதை நான் சொன்னதும் அப்படித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை புது மேப், புது விஷயம்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பங்குனி மாதத்து வீடியோ காலில் நான் பக்கத்துக் கட்டிலைப் பார்க்கிற வரைக்கும்.

அவருடைய ரூமில் இன்னொருவர் இருக்கிறார். புனலூர்ப் பக்கத்து மலையாளி, நம் குற்றால மலைக்கு அந்தப் புறம். அந்தக் கட்டிலில் ஒரு லேப்டாப் திறந்திருந்தது. திரை முழுக்கக் கடுகைக் கொட்டிவிட்ட மாதிரி நட்சத்திரங்கள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அது எங்கள் ஆட்டம்தான். "அது என்ன?" என்று கேட்டேன். இவர் பதில் சொல்வதற்குள் அந்தப் புனலூர்க்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தபடி, "சேச்சி, ஞங்கள் ரெண்டு பேரும் ஹ்யூஜ் ஆணு களிக்குன்னது. ஆறு மாசமாயி" என்றார்.

ஆறு மாதமாக! எனக்கு நாற்பது நட்சத்திரம், அந்த ஆளுக்கு அறுநூறா? எனக்கு வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், அவருக்கு நினைத்த நேரமெல்லாமா? அன்றைக்கு முழுவதும் எனக்கு வேறு நினைப்பில்லை. ஆட்டம் ஒரு சாக்குதான் என்பது எனக்கே தெரிந்திருந்தது. என் புருஷன் காலையில் எந்தப் பக்கம் புரண்டு எழுந்திருக்கிறார் என்று அந்த ஆளுக்குத் தெரியும். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது அந்த ஆள். மீன் குழம்பில் புளி கூடினால் முகம் சுளிப்பதைப் பார்ப்பதும் அந்த ஆள். கட்டிக்கொண்டவள் இங்கே நாற்பது நட்சத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வழக்கம்போல ஸ்மாலில் கை வைத்ததும், வாய்ஸை ஆன் பண்ணி, "எனக்கும் பெருசு வேணும்" என்றேன்.

"வேண்டாம்ட்டி, சொன்னா கேளு."

"ஏன், அவருக்கு மட்டும் குடுக்கீங்க?"

"அது வேற. பெருசுல நாம ரெண்டு பேரும்..."

"சின்னதெல்லாம் எனக்கு வேண்டாம். பெருசுதான் வேணும்!"

அடுப்படியிலிருந்து மாமி எட்டிப் பார்த்தார். "மனை வாங்கப் போறீங்களாட்டி? நாலு சென்ட் போதும். கூட்டிப் பெருக்குதது யாரு?" என்றார். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அவர் ஹ்யூஜைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் சில வாரங்கள் எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பக்கம் போனாலும் ஆளில்லாத நட்சத்திரம். பிடித்த நட்சத்திரங்களுக்கெல்லாம் பெயர் வைத்தேன். மேலகரம், கீழப்பாவூர், ஐந்தருவி, வீரகேரளம்புதூர். ஒன்றுக்கு எங்கள் தெருப் பெயர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எக்செல் நடத்தும்போதுகூட மனதுக்குள் கப்பல் விட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் புனலூர்க்காரரிடம் எத்தனை நட்சத்திரம் இருக்கிறது என்று இவரிடம் விசாரித்து, அதைவிட இரண்டு கூடுதலாகப் பிடித்த அன்று மாமிக்குத் தெரியாமல் ஒரு அல்வாப் பொட்டலத்தை நானே முழுக்கத் தின்றேன்.

இவரை மட்டும் காணவில்லை. கப்பல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்ததற்கு ஆறு டர்ன், ஏழு டர்ன். "எந்தப் பக்கம் இருக்கீங்க?" என்று டைப் பண்ணுவேன். "சொன்னா ஆட்டம் எதுக்கு?" என்று வரும். அப்புறம் "முடிச்சிட்டேன்" என்று அவர், "முடிச்சிட்டேன்" என்று நான். பாங்கு சொல்லிவிடும். வைகாசி போய் ஆனி வந்தது. மேற்கே மலை கருத்துச் சாரல் தொடங்கியது. எந்த மாதம் லீவு என்று மாமி போனில் கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்றார். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அவரைவிட அவருடைய ராஜ்ஜியத்தைத் தேடுவதில்தான் எனக்குக் கவனம். யாரும் யாரையும் கண்டுபிடிக்காததால் மூன்று மாதமாக யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரியை ஏன் விட்டார்களோ தெரியவில்லை.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டு வாசலில் ஒரு பெரிய செருப்பு கிடந்தது. உள்ளே அந்தப் புனலூர்க்காரர். பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் என் வீட்டுக்காரர் கையெழுத்தில் எங்கள் விலாசம். வளைகுடாவிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் கூட இருப்பவர்களின் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து வீட்டில் சேர்ப்பது வழக்கம். அதற்காகச் செங்கோட்டை வழியாகப் பஸ்ஸேறி வந்திருக்கிறார். மாமி அவருக்கு நெய்ச்சோறு போட்டு, என் புருஷனுக்கு மட்டும் வெளியே வருகிற கண்ணாடிக் கிண்ணத்தில் கறியும் வைத்திருந்தார். கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாங்க" என்று ஒற்றை வார்த்தை சொன்னேன்.

"உங்களுக்கு லீவு கெடச்சிட்டு. எங்க வீட்டுக்காரருக்குத்தான் கெடைக்கல" என்றேன். குரலில் இருந்த உப்பு மாமிக்கே தெரிந்து, நிமிர்ந்து பார்த்தார்.

அவர் சோற்றில் வைத்த கையை எடுத்தார். "சேச்சி, இது அவருடெ லீவு ஆணு. எனக்குத் தந்ததாணு. சேச்சியோடு பறஞ்ஞில்லே?" என்றார்.

இவர் என்னிடம் சொல்லவில்லையா என்று கேட்கிறார். அந்த ஸ்டோரில் இவரும் அவரும் இரண்டே பேர். ஒருவர் போனால் மற்றவர் இருந்தாக வேண்டும். இந்த முறை போக வேண்டியது இவர். அந்தப் புனலூர்க்காரரின் மனைவிக்கு இந்த மாதம் பிரசவம், முதல் பிள்ளை. சித்திரையிலேயே இவர் தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டார். நான் நட்சத்திரங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம் அது.

லீவும் போய்விட்டது. அதுவும் அந்த ஆளுக்கே போய்விட்டது. அந்த நிமிஷம் என் மனதில் அந்தப் பெண்ணின் பிரசவம் இல்லை, பிறக்கப்போகிற பிள்ளையும் இல்லை. எனக்கு வர வேண்டிய நாற்பது நாள் லீவை எடுத்துக்கொண்டு இந்த ஆள் எப்படி நெய்ச்சோறு தின்கிறார் என்றுதான் இருந்தது. போகும்போது, "அவருக்கு ஒன்னும் கொடுக்கான் இல்லே?" என்று கேட்டார். திரும்பிப் போகும்போது வந்து வாங்கிக்கொள்வாராம். என் புருஷனுக்குப் பிடித்த கருவாட்டுப் பொடியை அரைத்துத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு, அறுநூறு நட்சத்திரத்துக்கு நடுவில், "ஒங்க கூட்டாளி வந்துட்டுப் போனாரு" என்று டைப் பண்ணினேன்.

அவர் ஒரு டர்ன் நகர்த்தி முடித்தார். பிறகு பதில் வந்தது.

"நீ கண்டுபுடிச்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ட்டி. போன்ல எல்லாரும் இருக்காங்க. சொன்னா நீ கத்துவ. ஆட்டத்துல மாட்டுனா கத்த மாட்டல்லா, அதான் காத்துக் கெடந்தேன்."

"அதுக்கு ஏன் ஹ்யூஜ் எடுத்தீங்க?"

"நீதான கேட்ட. அவன் பக்கத்துக் கட்டில்ல கெடக்கான். அவன்கூட எவ்வளவு பெரிய மேப்புல வெளையாண்டா என்ன? கண்டுபுடிக்காட்டாலும் ராத்திரி ஒரே சட்டியில சோறு. நீ அங்கன இருக்க. உனக்கு எப்பிடிப் பெருசு எடுப்பேன்?"

ஸ்மாலை அவர் எனக்கு அளந்து போட்டதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

அவரே அந்த மேப்பை மூடினார். மேலகரமும் ஐந்தருவியும் போயின. புதிதாக ஒன்று திறந்தார், ஸ்மால். முதல் டர்ன் முடிந்தது. நான் கப்பலை நகர்த்தவில்லை. நான்தான் முதலில் அகப்பட வேண்டும், அந்தக் கருவாட்டுப் பொடி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. பத்து டர்ன் போயிற்று. பதினைந்து போயிற்று. நாற்பதே நட்சத்திரத்தில் அவருடைய கப்பலையும் காணவில்லை. இருபதாவது டர்னில்தான் புரிந்தது, அவரும் கப்பலை வீட்டிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு நான் வருவதற்காகக் காத்திருக்கிறார்.

பாங்குக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. கப்பலை எடுத்தேன். மூன்றே நட்சத்திரம் தள்ளி அவர் வீடு இருந்தது.

"மாட்டிக்கிட்டீங்க. சொல்லுங்க" என்று டைப் பண்ணினேன். லீவு விஷயத்தைத்தான் திரும்பச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அவன் போயி நாலு நாள் ஆச்சு. ரூம் ரொம்பப் பெருசா இருக்குட்டி" என்று வந்தது.

பாங்கு சொன்னார்கள். நான் சொல்ல நினைத்தது என்னிடமே தங்கிவிட்டது. தொழுதுவிட்டு, அந்தப் புனலூர்க்காரர் சீக்கிரம் சவுதிக்குத் திரும்பிப் போய்ச் சேர வேண்டும் என்று துஆ கேட்டேன். புனலூரில் பிறக்கப்போகும் பிள்ளை வாப்பா முகத்தை எத்தனை நாள் பார்க்கும் என்று அப்போதும் நான் நினைக்கவில்லை.