செல்லபாய் தேர்ந்தெடுத்த சிலந்தி

குவைத்தில் இருபத்துநாலு வருஷம் அடுத்தவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்துவிட்டு செல்லபாய் குழித்துறைக்குத் திரும்பினாள். அவள் சம்பாத்தியத்தில் எழும்பிய மாடி வீட்டில் அவளுக்குக் கிடைத்தது அடுக்களையை ஒட்டிய அறை. அதிலும் பாதியை அரிசிச் சாக்கும் தேங்காயும் பிடித்துக்கொண்டன. சீக்கிரம் ஒதுக்கித் தருகிறேன் என்று தம்பி ஞானதாசன் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பாவம், அவனுக்கும் நேரம் கிடைக்க வேண்டாமா?

ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு, தனக்கென்று ஓர் உயிர் வேண்டும் என்று ஆசை வந்தது. நாய் வளர்க்கலாமா என்று இவள் கேட்டதற்கு, முடி கொட்டும் என்றாள் தம்பி மனைவி பூங்கனி. பூனை வந்தால் இழுப்பு வருமாம். கிளி என்றால் சத்தமாம்.

அப்போதுதான் குவைத் வீட்டு மூத்த பையன் வளர்த்த டாரண்டுலா நினைவுக்கு வந்தது. அந்தப் பெருஞ்சிலந்திக்குத் தண்ணீர் வைத்ததும் இரை போட்டதும் இவள்தான். சத்தம் கிடையாது, வாரத்துக்கு ஒரு பூச்சி போதும். ஆனால் அது உள்ளங்கை அகலம், இவள் அறையில் அதற்கு இடமேது? சின்ன இனமாகப் போனில் தேடினாள். ஒன்று மரமேறி, உயரமான பெட்டி கேட்டது. இன்னொன்று கோபக்காரி, தொட்டதற்கெல்லாம் அரிப்பெடுக்கும் மயிரை உதறும். கோபம் அந்த வீட்டில் ஏற்கெனவே தாராளமாக இருந்தது. கடைசியில் டிரினிடாட் தீவின் குள்ள இனம் ஒன்று மனதுக்குப் பிடித்தது. காலை விரித்தாலும் எலுமிச்சம்பழ அகலம்தான். முதுகில் இதய வடிவில் ஒரு குறி. ஆண் சீக்கிரம் போய்விடும், பெண் என்றால் பல வருஷம் இருக்கும் என்றார் விற்பவர். பெண்ணே போதும் என்றாள்.

சின்னக் கண்ணாடிப் பெட்டி வாங்கி, தேங்காய் நார்த்தூளைச் சலித்து, ஈரம் பார்த்து நிரப்பினாள். வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை வருமே.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விடுப்பில் அவள் வந்து இறங்கினால், கால் கழுவுவதற்குள் பெட்டியைப் பிரித்துவிடுவார்கள். சோப்பு, சென்ட், டார்ச் எல்லாம் பங்காகிவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூட அவள் தன் கையால் பிரித்ததில்லை. இதை எப்படி மறந்தாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை அவள் சபையின் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் கூரியர் வந்தது. திரும்பி வந்தபோது நடுவீட்டில் அட்டைப்பெட்டி கிழிந்து கிடந்தது. ஈரப் பஞ்சு, மூடி கழன்ற சிறு டப்பா. பக்கத்தில் ஞானதாசனின் செருப்பும், அதன் அடியில் நசுங்கிய எட்டுக் கால்களும்.

கையில் ஏறியிருந்தால் தன் கதி என்ன ஆகியிருக்கும் என்று பூங்கனி ஒரு பாட்டம் அழுது முடித்திருந்தாள். செல்லபாய் அவளைப் பார்க்கவே இல்லை.

"பெட்டியில எனக்க பேரு எழுதியிருந்துதுல்லா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"எப்பளும் ஒனக்க பேருலதானக்கா பெட்டி வரும். நாங்கதான பொளிப்போம்?"

அவன் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. நசுங்கிய சிலந்தியை ஒரு காகிதத்தில் வழித்தெடுத்து, வாழை மூட்டில் புதைத்துவிட்டு வந்து படுத்தாள். இரவுச் சோற்றுக்கு எழும்பவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்தபோது, நார்த்தூளைக் கொட்டிவிட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டியில் பூங்கனி புளி அடைத்து வைத்திருந்தாள்.

"சும்மாதான கெடந்துது மைனி" என்றாள்.