தொண்ணூறு டிகிரி வீடு

போன ஞாயிற்றுக்கிழமை கணக்கு வாத்தியார் ராமசாமி வீடு மாறினார். சாமான் தூக்க நானும் போயிருந்தேன். சொந்த வீட்டுக்குத்தானே என்று கேட்டுவிடாதீர்கள்... ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்கு!

மனை இருக்கிறது. சர்க்கார் தரும் சிமெண்ட் பெர்மிட்டும் இருந்தது – ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கியது. பிளானை அவரே கிராஃப் தாளில் போட்டார். வடக்கே வாசல், தென்கிழக்கு மூலையில் சமையலறை, அழகான சதுரம். ஜன்னல் எங்கே வரும் என்று அவர் மனைவி சரஸ்வதி விரல் வைத்துக் காட்டினாரே, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

பெருந்துறையிலிருந்து மாமனார் வந்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, எங்க வழியில கெழக்கு வாசல்தானுங்க."

வாத்தியார் அசரவில்லை. வீட்டை அட்டையில் வெட்டி, நடுவே குண்டூசி குத்தி, கிராஃப் தாள் மேல் வலப்பக்கமாகத் தொண்ணூறு டிகிரி சுற்றினார். "பாருங்க மாமா, நீளம் மாறலீங்க, கோணம் மாறலீங்க. வாசல் மட்டும் கெழக்க வந்துருச்சுங்க!"

வாசல் மட்டுமா வந்தது? சமையலறையும் கூடவே கிளம்பித் தென்மேற்குக்குப் போய்விட்டது. சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்த வாத்தியாரின் பெரியப்பா பதறினார். "கன்னி மூலையில அடுப்பா? ஆகவே ஆகாது கண்ணு!"

இன்னொரு சுற்று. அடுப்பு வடமேற்கே போனது, பெரியப்பா சமாதானமானார். ஆனால் வாசல் தெற்கே!

"தெக்கு வாசல்ல குடி வெக்கறதுக்கா எம் புள்ளையக் கட்டிக் குடுத்தனுங்க?" – மாமனார்.

மறுபடி சுற்று. வாசல் மேற்கே, அடுப்பு வடகிழக்கே, ஈசானி மூலையில். பெரியவர்கள் இருவரும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள் – கூடாது என்று!

நாலாவது சுற்று... வீடு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"வாசல் கெழக்கயே இருக்கட்டுங்க, அடுப்ப மட்டும் நகத்திப்போட்டா ஆகாதுங்களா?" என்றார் சரஸ்வதி.

"வடிவம் கெட்டுப்போயிருமே அம்மணி" என்றார் வாத்தியார். மற்ற இருவரும் சரஸ்வதி பேசியதையே கேட்கவில்லை.

காகிதத்தில் வீட்டைச் சுற்றுவது எவ்வளவு சுலபம்! மனிதர்களை ஒரு விரற்கடை நகர்த்த மட்டும் எந்தக் கணக்கிலும் வழி இல்லை. ஆடி வந்தது, போனது, மார்கழியும் போனது... பெர்மிட்டின் கெடு முடிந்தது. திரும்பக் கேட்டால், வரிசையின் கடைசியில் நிற்கச் சொல்கிறார்கள். அதற்குள் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்துக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

புது வாடகை வீட்டைப் பார்க்கப் பெரியவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். காப்பி குடித்தார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். தெற்கு வாசல். கன்னி மூலையில் அடுப்பு!

"ஏனுங்க, இங்க மட்டும் பரவாயில்லீங்களா?" என்று கேட்டேன்.

மாமனார் சிரித்தார். "இது வாடகை ஊடுதானுங்களே!"

அடுப்புப் புகைக்குள்ளிருந்து சரஸ்வதியின் குரல் வந்தது. "குடியிருக்கறது நானுதானுங்கப்பா."

எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.